வினவக் கற்பித்த உஸ்தாதுகள்

அரபுக் கல்லூரிகளில் பணியாற்றும் உஸ்தாதுகள் ஓரிடத்தில் கூடினால் தவறாமல் எழும் முறையீடு ஒன்றுண்டு. மாணவர்கள் கேள்வி கேட்பதில்லை; ஸபக் முடிந்ததும் கிதாபை மூடிவிடுகிறார்கள்; நாம் சொன்னதற்கு அப்பால் ஓர் ஏட்டையும் புரட்டுவதில்லை என்பதே அது. முறையீட்டில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அது யாருடைய குறை என்று வரும்போது நாம் பெரும்பாலும் மாணவர் பக்கமே விரலை நீட்டிவிடுகிறோம். ஷஃபானில் ஸனது பெற்று வெளியேறும் இளம் ஆலிம், ஷவ்வாலில் வேறொரு மத்ரஸாவில் உஸ்தாதாக அமர்கிறார். இடைப்பட்ட ரமளானில் தராவீஹ் தொழவைத்ததைத் தவிர, கற்பிக்கும் பணிக்கென அவருக்கு யாதொரு பயிற்சியும் தரப்பட்டதில்லை. பள்ளி ஆசிரியருக்குப் பி.எட். உண்டு, பணியிடைப் பயிற்சியும் உண்டு. நமக்கு அவ்வாறு ஏதுமில்லையே என்று கேட்டால், அதெல்லாம் மேற்கத்தியர் ஏற்பாடு, நம் முன்னோர் பரக்கத்தைக் கொண்டே கற்பித்தார்கள் என்று சிலர் விடையிறுக்கின்றனர். பரக்கத்தை நாம் மறுக்கவில்லை. எனினும் முன்னோர் எழுதிவைத்த நூல்களைப் புரட்டினால், ஆசிரியரை உருவாக்குவதற்கென்றே அவர்கள் எத்துணை அக்கறை கொண்டிருந்தார்கள் என்பது தெளிவாகிறது.

ஸஹீஹுல் புகாரியின் கல்விப் பகுதியிலிருந்தே தொடங்கலாம். தோழர்களிடம் உள்ள அறிவைச் சோதிப்பதற்காகத் தலைவர் அவர்கள்முன் ஒரு வினாவைப் போடுவது என்று இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் ஒரு பாடத்துக்கே தலைப்பிட்டுள்ளார்கள். அதன்கீழ் வரும் நிகழ்ச்சி நாம் அனைவரும் ஓதியதே. இலை உதிராத ஒரு மரம் உண்டு, அது முஸ்லிமுக்கு ஒப்பானது, அது எது என்று நபி (ஸல்) அவர்கள் வினவினார்கள். அவையோரின் எண்ணம் பாலைவனத்து மரங்களிலெல்லாம் சுற்றியலைந்தது. பேரீச்சை என்பது இப்னு உமர் (ரலி) அவர்களின் உள்ளத்தில் தோன்றியும், பெரியவர்கள் மௌனமாக இருக்கையில் பேச நாணி இருந்துவிட்டார்கள். பின்னர் தந்தையிடம் இதைச் சொன்னபோது, நீ அதைச் சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ உவப்பாக இருந்திருக்கும் என்றே உமர் (ரலி) அவர்கள் கூறினார்கள். பெரியோர் அவையில் சிறுவன் வாய் திறவாதிருந்ததை அவர்கள் பாராட்டவில்லை. இதே ஹதீஸைக் கல்வியில் நாணம் என்னும் மற்றொரு பாடத்திலும் இமாம் அவர்கள் மீண்டும் கொண்டுவந்து வைத்திருப்பது எதேச்சையானதன்று. வெட்கப்படுபவரும் செருக்குக் கொண்டவரும் கல்வி பெறமாட்டார்கள் என்ற முஜாஹித் (ரஹ்) அவர்களின் கருத்தும், மார்க்கத்தைக் கேட்டறிய நாணம் தடையாகாத அன்ஸாரிப் பெண்களை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியதும் அதே பாடத்தின் முகப்பில் இடம் பெற்றுள்ளன.

இனிக் கூஃபாவுக்கு வருவோம். ஓர் ஆசிரியர் எவ்வாறு உருவாக்கப்பட்டார் என்பதற்கு அங்கிருந்து கிடைக்கும் இரண்டு செய்திகளைக் கதீபுல் பக்தாதி (ரஹ்) அவர்கள் தமது தாரீகு பக்தாதில் பதிந்துள்ளார்கள். முதற்செய்தி: இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்கள் தம் உஸ்தாத் ஹம்மாத் இப்னு அபீ ஸுலைமான் (ரஹ்) அவர்களிடம் பத்தாண்டுகள் ஓதிய பின்னர், தனியாக ஒரு ஹல்கா நடத்தவேண்டும் என்னும் ஆசை அவர்களின் உள்ளத்தில் எழுந்தது. பிரிந்துசெல்லும் எண்ணத்துடன் பள்ளிக்கு வந்தும், உஸ்தாதைக் கண்டதும் மனம் ஒப்பவில்லை. அன்றிரவே பஸ்ராவில் ஹம்மாத் அவர்களின் உறவினர் ஒருவர் மறைந்த செய்தி வந்தது. வாரிசு அவர் ஒருவரே. ஆகவே, அபூ ஹனீஃபாவைத் தம் இடத்தில் அமர்த்திவிட்டு ஹம்மாத் அவர்கள் புறப்பட்டார்கள். இரண்டு மாதங்கள் கழிந்தன. அதற்குள், தாம் உஸ்தாதிடம் கேட்டறிந்திராத மஸ்அலாக்கள் பல வந்தன. மாணவர் தாமே சிந்தித்து விடை கூறினார். கூறிய ஒவ்வொன்றையும் எழுதியும் வைத்தார். உஸ்தாத் திரும்பியதும் அந்த 60 விடைகளையும் முன்வைத்தார். 40இல் உஸ்தாத் உடன்பட்டார், 20இல் மாறுபட்டார். உஸ்தாத் உயிரோடிருக்கும்வரை அவரைப் பிரிவதில்லை என்று இமாம் அவர்கள் அன்று உறுதிபூண்டார்கள். ஹி. 120இல் (கி.பி. 738) ஹம்மாத் அவர்கள் மறையும்வரை அந்தத் தொடர்பு மொத்தம் 18 ஆண்டுகள் நீடித்தது.

இச்செய்தியை நாம் வழக்கமாக உஸ்தாதின் மாண்பைச் சொல்வதற்கே எடுத்தாளுகிறோம். அதில் வேறொன்றும் அடங்கியிருக்கிறது. பத்தாண்டு ஓதிய மாணவர் ஒருவர் இரண்டு மாதம் தன்னந்தனியாக நின்று விடை தேடினார். பிறகு அந்த விடைகள் ஒவ்வொன்றாக ஆராயப்பட்டன. இன்றைய ஆசிரியர் பயிற்சி நிறுவனங்கள் கற்பித்தல் பயிற்சி என்று அழைப்பதற்கு இதைவிட நேரிய எடுத்துக்காட்டு வேண்டுமா? மூன்றில் ஒரு பங்கு விடைகளை ஏற்க இயலாமற்போன உஸ்தாத், இனி நீர் விடை கூறலாகாது என்று தடுத்ததாக அச்செய்தியில் ஒரு சொல்லும் இல்லை.

இரண்டாவது செய்தியில் அதே இமாம் அவர்கள் உஸ்தாதாக அமர்ந்திருக்கிறார்கள். மாணவர் அபூ யூஸுஃப் (ரஹ்) அவர்கள் கடும் நோயுற்றபோது, எனக்குப் பின் மக்களுக்கு நீர் இருப்பீர் என எதிர்பார்த்தேனே என்று இமாம் வருந்தினார்கள். நலம்பெற்று எழுந்த அபூ யூஸுஃபுக்கு அந்தச் சொல் தலைக்கேறிவிட்டது. தமக்கெனத் தனி ஹல்கா அமைத்துக்கொண்டார். இமாம் அவர்கள் கண்டித்து ஆளனுப்பவில்லை. ஒரு கேள்வியை அனுப்பினார்கள். ஒருவர் துணி வெளுப்பவரிடம் கூலி பேசி ஓர் ஆடையைக் கொடுத்தார். திரும்பக் கேட்டபோது, அப்படி எதுவும் தரவில்லை என்று அவர் மறுத்தார். பின்னர் ஒருநாள் மீண்டும் கேட்டபோது, வெளுத்த ஆடையையே எடுத்துக் கொடுத்துவிட்டார். அவருக்குக் கூலி உண்டா? உண்டு என்றார் அபூ யூஸுஃப். தவறு என்றார் வந்தவர். சற்றே யோசித்து, இல்லை என்றார். அதுவும் தவறு என்றார் வந்தவர். உடனே எழுந்து உஸ்தாதிடம் வந்தார் அபூ யூஸுஃப். மறுப்பதற்கு முன்பே வெளுத்திருந்தால் அது உரியவருக்காகச் செய்த வேலை, கூலி உண்டு. மறுத்து அபகரித்த பிறகு வெளுத்திருந்தால் அது தனக்காகச் செய்துகொண்டது, கூலி இல்லை. இதுவே விடை. கேள்விக்குள் மறைந்திருந்த இன்னொரு கேள்வியைக் கேட்டிருக்கவேண்டும் என்பதே அவர் அன்று பெற்ற பாடம். ஹாரூன் அர்ரஷீதின் காலத்தில் காழில் குழாத் என்னும் தலைமை நீதிபதிப் பொறுப்பில் இருந்து ஹி. 182இல் (கி.பி. 798) மறைந்தவர் இவரே.

இந்த ஈராக்கிய மரபு மதீனாவின் மரபோடு உரசியதும் உண்டு. கைரவானிலிருந்து வந்து இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் முவத்தா ஓதிய அஸத் இப்னுல் ஃபுராத், இப்படியானால் என்ன, அப்படியானால் என்ன என்று கேள்விக்குமேல் கேள்வி தொடுத்தார். நிகழாதவற்றைக் கற்பனை செய்து வினவுவதை இமாம் அவர்கள் விரும்புவதில்லை. இதுதான் வேண்டுமென்றால் ஈராக்குக்குப் போம் என்றார்கள். சினத்தால் விரட்டினார்கள் என்று கொள்ளவேண்டியதில்லை. மாணவரின் இயல்பு எங்கே நிறைவுறும் என்பதை அறிந்து வழிகாட்டினார்கள் என்றே நாம் கருதுகிறோம். தாம் அறியாததை அறியேன் என்று அவையிலேயே சொல்லத் தயங்காத இமாம் அல்லவா அவர்கள்! அஸத் ஈராக் சென்று இமாம் முஹம்மத் இப்னு ஹஸன் அஷ்ஷைபானி (ரஹ்) அவர்களைச் சேர்ந்தார். பகலில் கூட்டம் மிகுந்திருந்ததால், தொலைவிலிருந்து வந்த இந்த ஒருவருக்காக இமாம் முஹம்மத் இரவில் தனியே பாடம் நடத்தினார்கள். பக்கத்தில் ஒரு பாத்திரத்தில் நீர் இருக்கும். மாணவர் கண்ணயர்ந்தால் முகத்தில் தெளித்து எழுப்பிவிட்டுப் பாடத்தைத் தொடர்வார்கள்.

ஈராக்கிலிருந்து அஸத் கொண்டுசென்ற கேள்விகளே எகிப்தில் இப்னுல் காஸிம் (ரஹ்) அவர்களிடம் மாலிக்கீ விடைகளைப் பெற்று அல் அஸதிய்யா என்னும் நூலாயின. அதைச் செம்மைப்படுத்தியவர் ஸஹ்னூன் (ரஹ்). அதன் விளைவே மாலிக்கீ மத்ஹபின் பெருநூலாகிய முதவ்வனா. ஆக, கேட்டுத் தீராத ஒரு மாணவரின் வினாப்பட்டியல் ஒரு மத்ஹபின் அடிப்படை நூல் உருவாகக் காரணமாயிற்று. அஸத் பின்னர் காழியாகவும் படைத்தலைவராகவும் விளங்கி, ஸிஸிலியில் ஸைரகூஸா முற்றுகையின்போது ஹி. 213இல் (கி.பி. 828) மறைந்தார்.

ஸஹ்னூனின் மகன் முஹம்மத் இப்னு ஸஹ்னூன் எழுதிய ஆதாபுல் முஅல்லிமீன், ஆசிரியர்களுக்கென எழுதப்பட்டு நமக்குக் கிடைத்துள்ள நூல்களில் மிகப் பழமையானது. இமாம் புகாரி மறைந்த ஹி. 256ஆம் ஆண்டிலேயே இவரும் மறைந்தார். நூல் சிறியது; பேசுவதும் குர்ஆன் மக்தபின் ஆசிரியரைப் பற்றியே. கூலி, விடுமுறை, பிள்ளைகளை அடிப்பதற்கு வரம்பு என்று பெரும்பகுதி ஃபிக்ஹ் சார்ந்தது. எனினும் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் சொல்ல மற்றவர் எழுதுவதில் தவறில்லை, அது அவர்களுக்குப் பயன் தரும், ஆசிரியர் அதைச் சரிபார்த்துக்கொள்ளட்டும் என்று வரும் ஓரிடம் நம் கருத்தை ஈர்க்கிறது. ஆசிரியரின் வாயிலிருந்து மட்டுமே கல்வி வரவேண்டும் என்ற பிடிவாதம் ஒன்பதாம் நூற்றாண்டின் கைரவானில் இருந்ததில்லை. அதே காலத்தில் பஸ்ராவைச் சேர்ந்த ஜாஹிழ் ஆசிரியர்களைப் பற்றிய தம் நூலில், மனனத்தின் மீதே சாய்ந்திருப்பவர் பகுத்தறியும் ஆற்றலை இழந்து பிறரைப் பின்பற்றுபவராகவே நின்றுவிடுவார் என்று எச்சரித்தார். மனனமே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. மனனமும் ஆய்ந்தறிதலும் ஒன்றையொன்று நாடுபவை என்பதே அவர் நிலை.

ஹி. 459இல் (கி.பி. 1067) பக்தாதில் நிழாமிய்யா திறக்கப்பட்டதும் மத்ரஸா ஒரு நிறுவனமாக நிலைபெற்றது. அத்தகைய மத்ரஸாக்களில் முதர்ரிஸுக்கு அடுத்த நிலையில் முஈத் என்றொரு பதவி இருந்தது. முதர்ரிஸ் நடத்திய பாடத்தை மாணவரோடு அமர்ந்து மீண்டும் எடுத்துரைப்பதும், விளங்காதவருக்கு விளக்குவதும் அவருடைய பணி. நம் நோக்கில் முஈத் என்பவர் பயிற்சியில் இருக்கும் ஆசிரியரே. மாணவர் எந்த இடத்தில் இடறுகிறார் என்பதைப் பக்கத்திலிருந்து பார்க்கும் வாய்ப்பு அவருக்கே உண்டு. மேடையில் இருக்கும் முதர்ரிஸுக்கு அது எளிதில் தெரிவதில்லை. எட்டாம் நூற்றாண்டு ஹிஜ்ரியில் வாழ்ந்த தாஜுத்தீன் ஸுப்கீ (ரஹ்) அவர்கள் முஈதுந் நிஅம் என்னும் நூலில் முஈதின் கடமையைத் தனியே வரையறுத்துள்ளார்கள். முதர்ரிஸைப் பற்றி அவர்கள் எழுதியிருப்பது இன்னும் சுடுகிறது. ஏதோ ஒரு கிதாபிலிருந்து இரண்டு மூன்று வரிகளை மனனமிட்டு வந்து, அமர்ந்து ஒப்பித்துவிட்டு எழுந்து போகும் முதர்ரிஸ், அதற்குமேல் இயலாதவராயின் அந்த இடத்துக்கே தகுதியற்றவர்; இயன்றும் சோம்பலால் அவ்வாறு செய்பவராயின் அதுவும் பழிக்குரியதே என்கிறார்கள். அவர்களும் ஒரு முதர்ரிஸ்தான் என்பதை இங்கே நினைவிற்கொள்ளவேண்டும்.

இவற்றுக்கெல்லாம் மேலாக நாம் மதிப்பது இப்னு ஜமாஆ (ரஹ்) அவர்களின் தத்கிரதுஸ் ஸாமிஃ வல் முதகல்லிம். ஹி. 672இல் (கி.பி. 1273) எழுதி முடிக்கப்பட்டது. ஆசிரியர் ஷாஃபிஈ மத்ஹபைச் சேர்ந்தவர், ஜெரூஸலம், கெய்ரோ, திமிஷ்கு ஆகிய இடங்களில் காழியாக விளங்கியவர், ஹி. 733இல் (கி.பி. 1333) மறைந்தவர். வகுப்பறையை நெருங்கி அறிந்தவர் எழுதிய நூல் இது என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. விளங்கிற்றா என்று மாணவரிடம் கேட்கவேண்டாம் என்கிறார்கள். ஏன்? விளங்காமலேயே வெட்கத்தால் ஆம் என்று சொல்லிவிடுவார். உஸ்தாதே அவரைப் பொய்யில் விழச் செய்தவராவார். அதற்குப் பதிலாக, பாடத்தைச் சார்ந்த மஸ்அலாக்களை அவர்முன் போட்டு, அவர் கூறும் விடையிலிருந்து விளங்கியதா என்பதை உஸ்தாதே அறிந்துகொள்ளட்டும். இன்று எத்தனை வகுப்புகளில் ஃபஹிம்தும் என்று நாம் கேட்பதும், நஅம் என்று ஒரே குரலில் விடை எழுவதும், ஸபக் முடிவதும் நடக்கின்றன! மற்றோரிடத்தில், நாணத்தாலோ சொல்வன்மை இல்லாமையாலோ கேள்வியை உருவாக்கத் திணறும் மாணவரின் கருத்தை உஸ்தாத் பிடித்துக்கொண்டு, முதலில் அவர் கேட்க வந்ததைத் தாமே செம்மையாக எடுத்துச்சொல்லி, அதன் பின்னரே விடை கூறவேண்டும் என்று வருகிறது. கேட்பவர் சிறியவராயினும் நீதியோடு செவிமடுக்கவேண்டும் என்பதும், அறியாததை அறியேன் என்பதால் மதிப்புக் குன்றாது என்பதும், பாடம் முடிந்ததும் மாணவர்கள் கலையாமல் தமக்குள் முதாகரா செய்யவேண்டும் என்பதும் அந்நூலின் பிற அறிவுரைகள்.

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். உஸ்தாதின் முன் வாய் திறவாதிருப்பதே அதபு என்று நமக்குச் சொல்லித்தரவில்லையா? தஃலீமுல் முதஅல்லிமில் ஸர்னூஜி (ரஹ்) அவர்கள், உஸ்தாதுக்கு முன்னால் நடக்கவேண்டாம், அவருடைய இடத்தில் அமரவேண்டாம், அனுமதியின்றி அவர்முன் பேச்சைத் தொடங்கவேண்டாம் என்றெல்லாம் எழுதியிருக்கிறார்களே! எழுதியிருக்கிறார்கள்தான். நம் மத்ரஸாக்களில் அந்தப் பக்கங்கள் நன்றாகவே ஓதப்படுகின்றன. அதே நூலில், ஒரு நாழிகை நேரம் ஒருவரோடொருவர் கேள்வி போட்டு விவாதிப்பது ஒரு மாத காலம் திரும்பத் திரும்ப ஓதுவதைவிட மேலானது என்னும் கருத்தும் இருக்கிறது. இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் கல்வி பெற்றது கேட்கும் நாவையும் சிந்திக்கும் உள்ளத்தையும் கொண்டே என்ற செய்தியும் இருக்கிறது. அதனினும் சுவையான ஒன்று: முற்காலத்தில் மாணவருக்கே 'மா தகூலு' என்று பெயர் வழங்கியதாம். இந்த மஸ்அலாவில் தாங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்ததால் வந்த பெயர் அது. ஹிதாயாவின் ஆசிரியர் மர்கீனானீ (ரஹ்) அவர்களின் மாணவரான ஸர்னூஜியிடம் அதபும் கேள்வியும் ஒன்றையொன்று விலக்கவில்லை. ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டவர்கள் நாமே.

விட்டால் என்ன நேரும் என்பதை இப்னு கல்தூன் (ரஹ்) அவர்கள் ஹி. 779இல் (கி.பி. 1377) எழுதிய முகத்திமாவில் காட்டியுள்ளார்கள். மக்ரிபின் மத்ரஸாக்களில் மாணவர் தங்கிப் படிக்கும் காலம் 16 ஆண்டுகள். தூனிஸில் 5 ஆண்டுகள். நீண்ட காலம் தங்கியவர்களே ஆழ்ந்த புலமை பெற்றிருக்கவேண்டும். அவ்வாறில்லை. வாழ்நாளில் பெரும்பகுதியை அவைகளில் வாய் பேசாது அமர்ந்தே கழித்தவர்கள், தேவைக்கு மிஞ்சி மனனமிட்டவர்கள், விவாதிக்கவோ கற்பிக்கவோ நேரும்போது தடுமாறுவதை அவர்கள் கண்டார்கள். அறிவு ஒரு மலகாவாக, அதாவது உள்ளத்தில் ஊன்றிய திறனாக ஆவதற்கு எளிய வழி, கல்விப் பொருள்களில் நாவைத் திறந்து உரையாடுவதே என்பது அவர்களின் முடிவு. இந்நிலைக்கு அவர்கள் கூறும் காரணம் நம்மை நிறுத்திச் சிந்திக்கவைக்கிறது. கற்பித்தல் ஒரு தொழிற்கலை. குர்துபாவும் கைரவானும் சிதைந்தபோது அக்கலையின் ஸனது மக்ரிபில் அறுந்துபோயிற்று என்கிறார்கள். ஹதீஸுக்கு ஸனது உண்டு, கிராஅத்துக்கு ஸனது உண்டு என்று பெருமை கொள்ளும் நாம், கற்பிக்கும் முறைக்கும் ஸனது உண்டு என்பதை எண்ணிப்பார்ப்பதில்லை.

நம் நாட்டின் அரபு மத்ரஸாக்கள் பலவற்றின் பாடத்திட்டத்துக்கு மூலமான தர்ஸே நிழாமீ, லக்னோவின் ஃபரங்கி மஹலில் முல்லா நிழாமுத்தீன் (மறைவு கி.பி. 1748) வகுத்தது. ஒரு துறைக்கு ஒன்றிரண்டு நூல்களே போதும். ஆனால் அவை அத்துறையின் கடினமான நூல்களாக இருக்கவேண்டும். அவற்றை உழன்று விளங்கிக்கொண்டவருக்குப் பிற நூல்களைத் தாமாகவே படிக்கும் ஆற்றல் கைகூடிவிடும் என்பதே அதன் அடிப்படை. மாணவரை உஸ்தாதிடமிருந்து விடுவிப்பதற்காக வகுக்கப்பட்ட திட்டம் என்றே இதைச் சொல்லவேண்டும். இதற்கு உயிர்நாடி முதாலஆ. முதல்நாள் இரவே மாணவர் தாமாகப் படித்து, எங்கே விளங்கவில்லை என்று குறித்து வரவேண்டும். வகுப்பில் இபாரத் வாசிப்பவரும் பொருள் கூறுபவரும் மாணவரே, உஸ்தாத் திருத்துவார். இரவில் மாணவர்கள் குழுவாக அமர்ந்து தக்ரார் செய்வர். தேர்ந்த மாணவர் ஒருவர் அதை நடத்துவார். நிழாமிய்யாவின் முஈதை நாம் அந்த மாணவரிடம் காண்கிறோம். சுருக்கமும் கடினமுமான நூல்கள் கல்விக்குக் கேடு என்று இப்னு கல்தூன் எழுதியதற்கு இது நேர்மாறானது அல்லவா என்று கேட்கலாம். முதாலஆ உயிரோடிருக்கும் வரை முல்லா அவர்களின் முறை வென்றது. அது ஓய்ந்த இடங்களில் இப்னு கல்தூனின் எச்சரிக்கையே பலித்தது என்பது நம் கருத்து.

இந்த மரபு தமிழகத்துக்கு நேராகவே வந்தது. முல்லா நிழாமுத்தீனின் மகன் பஹ்ருல் உலூம் அப்துல் அலீ (ரஹ்) அவர்கள் ராம்பூர், வங்காளம் என்று பல இடங்களில் பாடம் நடத்திய பின்னர், ஆற்காட்டு நவாப் வாலாஜா முஹம்மத் அலீ அவர்களின் அழைப்பை ஏற்றுச் சென்னைக்கு வந்து, நவாப் அமைத்துத்தந்த மத்ரஸாவில் கற்பித்தார்கள். கி.பி. 1810இல் மறைந்து திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அடக்கமானார்கள். முஸல்லமுத் துபூத்துக்கு அவர்கள் எழுதிய ஃபவாதிஹுர் ரஹமூத் என்னும் விரிவுரை, எகிப்தின் பூலாக் பதிப்பில் இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்களின் அல் முஸ்தஸ்ஃபாவோடு சேர்த்து அச்சிடப்பட்டு உலகெங்கும் பரவியது. வேலூர் பாகியாத் முதலிய நம் கல்லூரிகளின் பாடநூல்களில் தர்ஸே நிழாமீயின் சாயல் இன்றும் உண்டு.

நூல்கள் தங்கின, முதாலஆவோ மெலிந்துவருகிறது. கடினமான கிதாபுக்கு உருது விளக்கமும் தமிழ் விளக்கமும் கிடைக்கின்றன. ஒலிப்பதிவுகள் கைப்பேசியிலேயே வந்துவிடுகின்றன. இவை வேண்டாம் என்பதன்று நம் கருத்து. தமிழில் மார்க்க நூல்கள் பெருகியது பெரும் பேறே. ஆனால் இபாரத்தோடு ஓர் இரவேனும் மல்லுக்கட்டிய பிறகு விளக்கத்தைத் திறப்பது வேறு. இபாரத்துக்கு முன்பே அதைத் திறப்பது வேறு. இவ்வேறுபாட்டை மாணவருக்கு உணர்த்தவேண்டிய இளம் உஸ்தாதும் அதே விளக்க நூலைப் பார்த்துவிட்டு வருகிறார் என்றால், அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்கு யாரும் வேறு வழி காட்டவில்லை. ஸனது பெற்றவரை ஓராண்டு காலம் மூத்த உஸ்தாத் ஒருவரின் வகுப்பில் முஈதாக அமர்த்தி, தக்ராரை அவர் பொறுப்பில் விட்டு, வாரம் ஒருமுறை அவருடைய பாடத்தில் மூத்தவர் போய் அமர்ந்து கேட்கும் ஏற்பாட்டுக்குப் பெரும் பொருட்செலவு எதுவுமில்லை. இறுதியாண்டில் இப்னு ஜமாஆவின் நூலை ஒரு பாடமாக வைக்கவும் தடை ஏதுமில்லை; சில மாதங்களில் ஓதி முடிக்கத்தக்க அளவினதே அது.

ஹாஷியாக்கள் ஓதியவர்களுக்கு ஒரு சொல் நினைவிருக்கும். ஓர் ஐயத்தை எழுப்பி, அதற்கொரு விடையும் கூறி, அந்த விடையில் இன்னும் ஏதோ எஞ்சியிருக்கும் நிலையில், ஆசிரியர் 'ஃபதஅம்மல்', அதாவது சிந்தித்துப்பார் என்று மட்டும் எழுதி நிறுத்திவிடுவார். எஞ்சியது என்ன என்று சொல்லமாட்டார். இப்போது அச்சொல்லை வாசித்துவிட்டு அடுத்த வரிக்குச் செல்வதே பெரும்பாலும் வழக்கமாகிவிட்டது. நாம் ஓதிய காலத்து மூத்த உஸ்தாதுகளில் சிலர் அச்சொல் வந்ததும் கிதாபை மூடிவிடுவார்கள். மறுநாள் ஸபக், முந்தைய இரவு நாங்கள் என்ன கண்டோம் என்று கேட்பதிலிருந்தே தொடங்கும்.